தண்ணீர் கேட்காத செடி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனிச் சுவரை வேண்டுமானாலும் தடவிப் பாருங்கள், உள்ளங்கை கறுத்துப்போகும். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற கம்பெனிகள் அங்கே அதிகம். காலையில் உலர்த்திய வெள்ளைத் துணியை மத்தியானம் எடுத்தால் எள்ளைத் தூவியதுபோல் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கம்பெனி நடத்த வேண்டுமானால் சுவரை ஒட்டிப் பச்சை இருக்க வேண்டும் என்று ஒரு விதி. விதி எழுதியவர்கள் மண்ணைப் பார்த்து எழுதவில்லை.

ரோசம்மாள் வேலை பார்த்த கம்பி கம்பெனியில் அந்தப் பச்சைக்காக ஐந்து பெண்களை வைத்திருந்தார்கள். முன்கேட்டிலிருந்து பின்பக்கத்து எடைமேடை வரை சுவரோரமாக நீண்டு கிடந்தது நிலம். செம்பருத்தியும் அரளியும் குரோட்டன்ஸும் நர்சரியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும். இரண்டு மாதத்தில் குச்சியாய் நிற்கும். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வண்டிச் செடியை நடுவார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு. ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் சோழவரம் ஏரிக்குள்ளேயே மாடு மேய்ந்தபோது போரும் இறங்கிப்போய், கம்பெனி டேங்கர் லாரி வரவழைத்தது. லாரி ஒரே இடத்தில்தான் நிற்கும். அங்கிருந்து பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை நடை. செத்துக்கொண்டிருக்கிற செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீரைவிடக் கனமாக இருக்கும் என்பாள் முத்தம்மா.

முத்தம்மாதான் ஐவரில் மூத்தவள். ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் போய் எட்டு வருஷம், கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்ட மகளும் வீட்டில்தான். ரோசம்மாளை அந்த வேலைக்குக் கூட்டிவந்து மேஸ்திரி சடையப்பன் முன்னால் நிறுத்தியதும் அவள்தான். அப்போது ரோசம்மாள் இருந்த இருப்பு அப்படி.

ரோசம்மாளின் புருஷன் ஜெயராஜ் வேறொரு கம்பெனியில் பழைய இரும்பு இறக்குகிறவனாக இருந்தான். கிரேனிலிருந்து நழுவிய ஒரு துண்டு தலையில் இறங்கியது. ஆள் பிழைத்தான். ஆனால் அன்றிலிருந்து வலிப்பு. எந்த ரிஜிஸ்டரிலும் அவன் பெயர் இல்லை. வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டர், அப்படி ஒரு ஆளே தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டான். பேரில்லாதவனுக்கு அடிபட்டால் அது அடியே இல்லை என்பதை அந்த வீடு அப்போதுதான் தெரிந்துகொண்டது. ரோசம்மாளின் பெயர் இந்தக் கம்பெனி ரிஜிஸ்டரில் ஏறி, ஈ.எஸ்.ஐ. கார்டு வந்த பிறகுதான் அவனுக்கு ஒழுங்காக மாத்திரை கிடைத்தது. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. இரண்டு வேளை தவறினால் மூன்றாவது வேளைக்குள் ஆள் தரையில் கிடப்பான். அதனால் ரோசம்மாளுக்கு அந்த வேலை என்பது கூலி மட்டும் இல்லை.

அந்தக் கோடையில் கவரைப்பேட்டைக்கு அந்தாண்டை இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சாவுக்காகப் போனாள். சித்திரை வெயில். குழி வெட்டிய மண் மாவாய்ப் பறந்தது. வேலிக்காத்தான் முள்ளே இலை சுருண்டு நிற்க, ஒரு மூலையில் சிலுவை சாய்ந்த பழைய கல்லறைமேல் ஒரு புதர் பூத்துக் கிடந்தது. நீலம் என்றால் அடர் நீலம் இல்லை, வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் இரண்டு துளி கூடிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி. இலை தெரியாமல் கொத்துக்கொத்தாய். யாருடைய கல்லறை என்று குழி வெட்டுகிறவரைக் கேட்டாள். தெரியாது, அந்தக் குடும்பத்தில் யாரும் வந்து பார்த்ததில்லை என்றார் அவர். தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"செத்தவனுக்கே யாரும் ஊத்தல. செடிக்கு எவன் ஊத்தறான்? கல்லறத் திருநாளுக்கு முன்ன முட்டி ஒசரத்துக்கு வெட்டி உடுவேன். மறுபடி வந்துரும். அது ஒரு மானங்கெட்ட ஜென்மம்."

ரோசம்மாள் பெட்டியை இறக்கும்வரை காத்திருந்தாள். எல்லோரும் மண் போட்டார்கள், அவளும் போட்டாள். பிறகு திரும்பி வந்து, பச்சையும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் பென்சில் கனத்தில் இருந்த தண்டுகளாய்ப் பார்த்து ஒரு கட்டு ஒடித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்துச் சுற்றி எடுத்துவந்தாள்.

மறுநாள் கம்பெனியில் டேங்கர் வருவதற்குள், காலிச் சிமெண்ட் மூட்டைகளை வெட்டிச் சின்னச் சின்னப் பையாகக் கட்டினாள். ஆரணி ஆற்று மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, காய்ந்த சாணித் தூள் கொஞ்சம். தண்டைச் சாண் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை உருவி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினாள். எடைமேடைக்குப் பின்னால் நிழல் விழுகிற ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். முத்தம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே வந்து நின்றாள்.

"எங்கேர்ந்துடி இட்டாந்த?"

ரோசம்மாள் சொன்னாள்.

"கல்லறப் பூவக் கொண்ணாந்து கம்பெனில வெக்கிறியே, மொதலாளி மண்டயப் போட்டான்னா இன்னாடி பண்ணுவ?"

"தலமாட்டுல வெக்கச் செடி ரெடியாகீதுக்கா."

முத்தம்மா சிரித்த சிரிப்பில் குடம் தளும்பி சேலை நனைந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

ஒரு மாதத்தில் பாதிக்குமேல் துளிர்த்தன. வேரை நோண்டிப் பார்த்த, ஐவரில் சின்னவளுக்குக் கை எரிந்து கொப்புளம் வந்தது. அதிலிருந்து வேரை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது என்று ரோசம்மாள் சொல்லிவைத்தாள். ஆடியில் முதல் தூறல் விழுந்ததும் செத்த அரளிகளைப் பிடுங்கிவிட்டு, கைநீட்டத் தூரத்துக்கு ஒன்றாக நட்டார்கள். முதல் இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ரோசம்மாள் தன் பங்கு இடத்தையும் தாண்டி மற்றவர்கள் இடத்தையும் போய்ப் பார்ப்பாள். இலைமேல் படிகிற கரியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுவாள். சடையப்பன் வந்து பார்த்துவிட்டு இது எந்த நர்சரிச் செடி என்று கேட்டார். காசில்லாமல் வந்தது என்று தெரிந்ததும் மேலே யாரிடமோ தான் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் ரோசம்மாள் அரிவாளை எடுத்து எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். முத்தம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மொட்ட அட்ச்சி உட்டியேடி பாவி. சடையப்பன் வந்தான்னா நம்மள மொட்ட அடிப்பான்."

"புதுக் கொம்புலதாங்க்கா பூக்கும். பழசு இருந்தா குச்சி குச்சியா நீட்டிக்கினு நிக்கும். பாரு நீ."

பார்த்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் கேட்டிலிருந்து எடைமேடைவரை சுவர் தெரியவில்லை. கரி படிந்தாலும் பழைய பூ உதிர்ந்து புதுப் பூ வந்துகொண்டே இருந்ததால் அழுக்கு நிற்கவில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவர்கள், உலைச் சூட்டில் சிவந்த கண்ணோடு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்கள். நெல்லூரிலிருந்து பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிக்காரர் ஒருவர், முத்தம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டு இரண்டு கொம்பு கேட்டு வாங்கிப்போனார். பூவின் காம்பில் பிசின் மாதிரி ஒன்று இருக்கும். வேலை முடித்துப் போகும்போது ஐந்து பேர் சேலைக் கரையிலும் பூ ஒட்டியிருக்கும். சின்னவள் அதைக் காதில் ஒட்டிக்கொண்டு கம்மல் என்பாள். பேர் தெரியாத அந்தச் செடிக்கு ஒட்டுப்பூ என்று பேரானது அப்படித்தான்.

வேர் பிடித்த பிறகு ஒட்டுப்பூ தண்ணீர் கேட்கவில்லை. ஐந்து பேருக்கும் அது தெரிந்திருந்தது. ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முத்தம்மா மட்டும் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், மீன்குழம்புக் கையை நக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "செடி குடிக்குதோ இல்லியோ, கொடம் இடுப்ப உட்டு எறங்கக் கூடாது. அவ்ளோதான் நம்ம வேல." மற்றவர்கள் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அது அங்கே முறையானது. ஆபீஸ் பக்கத்திலிருந்து யாராவது வருவது தெரிந்தால் ஐந்து இடுப்பிலும் ஐந்து குடம் ஏறிவிடும். பாதிக் குடத்தை வேரில் காட்டி, மீதியை ரோட்டோரம் கவிழ்த்துவிட்டு நடப்பார்கள். நடை குறையவில்லை. குறைந்தது பாரம்தான்.

இரண்டாயிரத்து ஐந்தில், பொங்கல் கழிந்து பத்து நாளிருக்கும், ஏதோ சர்டிபிகேட்டுக்காகப் பட்டணத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். வெள்ளை ஹெல்மெட், கையில் அட்டை. கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற மேனேஜர் வீரராகவன் கூடவே நடந்தார். திருவள்ளூர் கோயில்காரக் குடும்பத்து ஆள், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், எவரையும் அதட்டாதவர். வந்தவர்களில் ஒரு அம்மா உலையைப் பார்த்துவிட்டு வந்த முகத்தோடு பூவுக்கு முன்னால் நின்றாள். இந்தக் கரியில், இந்தத் தண்ணீரில் இதை எப்படி வளர்த்தீர்கள் என்று தமிழிலேயே கேட்டாள். வீரராகவன் ரோசம்மாளைக் கைகாட்டினார். இவளாக் கொண்டுவந்து வெச்ச செடி என்றார்.

அதுவரை அந்தக் கம்பெனியில் யாரும் அவளை எதற்கும் கைகாட்டியதில்லை. அதுதான் வினையாகிவிட்டது. எவ்வளவு தண்ணீர் வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அந்த அம்மா கேட்டாள். பெற்ற பிள்ளை கெட்டிக்காரன் என்று வாத்தியார் சொல்லும்போது எந்தத் தாயாவது நிறுத்துவாளா?

"தண்ணியே வேணாம்மா. ரெண்டு மாசம் புள்ளையாட்டம் பாத்துக்கினா போதும். அப்பால அதும்பாட்டுக்கு நிக்கும். உப்புக்கு அசராது, வெயிலுக்கு அசராது, பூச்சி அண்டாது. வருசத்துக்கு ஒரு தபா முட்டி ஒசரத்துக்கு வெட்டி உடணும். இது மொத்தத்தயும் நான் ஒருத்தியே பாத்துக்குவேன்."

அந்த அம்மா அட்டையில் எழுதிக்கொண்டாள். ரோசம்மாள் சிரித்த முகத்தோடு திரும்பியபோது பின்னால் முத்தம்மா நின்றிருந்தாள். இடுப்பில் நிறைகுடம். குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

மாதம் முடிந்து மூன்றாம் நாள் சடையப்பன் ஐந்து பேரையும் கூப்பிட்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது; ஐந்து ஆளுக்குரிய கமிஷன் ஒரு ஆள் கமிஷனாகச் சுருங்குகிறது அவருக்கு. தண்ணீர் ஊற்ற வேண்டாத செடிக்கு ஒரு ஆள் போதும் என்று மேலே முடிவாகிவிட்டதாம். டேங்கரும் நாளையிலிருந்து வராதாம். ரோசம்மாள் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் கேட் பாஸைக் கொடுத்துவிடட்டும் என்றார்.

சின்னவள் அழுதாள். மற்ற இருவரும் சடையப்பனைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். முத்தம்மா கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி மடித்து அவர் கையில் வைத்தாள். பிறகு ரோசம்மாளிடம் வந்தாள்.

"ஒருத்தியே பாத்துக்குவேன்னு சொன்ன. பாத்துக்கோ."

"யக்கா, நான் அத்த நெனச்சி சொல்லலக்கா."

"நெனச்சி சொல்லியிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்டி. வவுத்துக்கோசரம் சொன்னான்னு உட்டுருப்பேன். நீ பெருமைக்கு சொன்ன."

அந்தச் சொல்லை ரோசம்மாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் தனியாக வேலை செய்தாள். அந்த நீளத்துக்கு ஒருத்தியாக நடக்கும்போது காலடிச் சத்தம் கேட்டது. உதிர்ந்த பூவைக் கூட்டினாள், நீட்டிய கொம்பைக் கிள்ளினாள், பத்து மணிக்கே வேலை முடிந்துபோனது. எட்டாம் நாள் துணிந்து வீரராகவனைப் பார்க்கப் போனாள். தான் சொன்னது பொய், தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துவிடும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என் மனசுலேர்ந்து நான் ஒண்ணும் சேத்துச் சொல்லலைம்மா. நீ சொன்னதைத்தான் அவா எழுதிண்டு போனா. இப்ப நானும் மாத்த முடியாது." ஜன்னல் பக்கம் பார்த்தார். "எட்டு நாளாச்சு டேங்கர் நின்னு. நீயே பாரேன்."

அவள் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத்தானே வந்திருந்தாள். எப்போதும்போலப் பூத்திருந்தது.

அன்று சாயங்காலம் வேலையை விட்டுவிடப் போவதாக ஜெயராஜிடம் சொன்னாள். அவன் வாசலில் மறுநாளுக்கான விறகைப் பிளந்துகொண்டிருந்தான். கோடரியைத் தலைக்குமேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கத்தியை வைத்துக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தான்.

"உட்டுட்டு வந்தின்னா? அந்த நாலு பேத்தயும் திரும்ப எடுத்துக்குவானா?"

"மாட்டான்."

"அப்போ அஞ்சாவதா நீயும் ஊட்ல குந்திக்கினு இருப்ப. அதானே?"

"அந்தக்கா மூஞ்சில முழிக்க முடியலய்யா. வேலிக்காத்தான் வெட்டப் போவுதாம். கரி மூட்டத்துக்கு. கையெல்லாம் கீசிக்கினு கீதாம். மத்த மூணு பேரும் எறா கம்பெனிக்குப் போறாங்க, தோலுரிக்க. இந்தக்காவ வயசாயிட்ச்சின்னு எடுத்துக்கலயாம்."

அவன் அடுத்த விறகை எடுத்து நிறுத்திக் கத்தியை வைத்தான்.

"எனக்கு மாத்தர வேணும்மே. சொல்ல வெக்கமாத்தான் கீது. ஆனா வேணும். மானம் ரோசம்லாம் கீழ உயுந்து வாயில நொர தள்ளாத ஆளுக்கு." கத்தியைத் தட்டினான். விறகு இரண்டாகப் போனது. "வேலய உடாத. வேற எதுனா வழி கீதான்னு பாரு."

வழி இரண்டு நாள் கழித்துக் கேட்டில் தட்டுப்பட்டது. காவலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி, மாதத்துக்கொரு ஆளை மாற்றும். புதிதாக வந்தவர் ரோசம்மாள் நீட்டிய பாஸை வாங்கி, நம்பரைப் பார்த்து எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பாஸில் இருந்த படமும் மூன்று வருஷத்துக்கு முந்தியது. பிளாஸ்டிக்குக்குள் கரி இறங்கி, படியத் தலை வாரிய, வெறும் நெற்றியோடு ஒரு பெண்பிள்ளை என்பதற்குமேல் அதில் ஒன்றும் தெரியவில்லை. ரோசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் நின்ற ஆள் நகரச் சொல்லிக் கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை முத்தம்மா வீட்டுக்குப் போனாள். மற்ற மூவரையும் வரச் சொல்லியிருந்தாள். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. முத்தம்மா உள்ளங்கையிலிருந்து ஊசியால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. ரோசம்மாள் நின்றபடியே சொன்னாள். பேர் ஒன்றுதான், ஆனால் அந்தப் பேரில் யார் உள்ளே போனாலும் கேட்டில் தெரியாது. ஆளுக்கு ஒருநாளாக முறை வைத்துப் போகலாம். யார் போகிறாளோ கூலி அவளுக்கு. கார்டு மட்டும் தன் பேரில் இருக்கட்டும். சடையப்பனிடம் பேசிவிட்டாள். எனக்கு ஒரு ஆள் கணக்கு, எந்த ஆள் என்று நான் பார்க்கவில்லை என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூவரும் பாஸை வாங்கிக் கைமாற்றிப் பார்த்தார்கள். சின்னவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இதுல நெத்தில பொட்டே இல்லியே."

ரோசம்மாள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. அவள் அதை யோசித்திருக்கவே இல்லை.

"உள்ள போவசொல்ல மட்டும் அழிச்சிட்டு..." என்று தொடங்கினாள்.

"கட்டுனவன் கல்லாட்டம் இருக்கசொல்ல நான் ஏன் அழிக்கணும்? கேட்டாண்ட நின்னு தெனமும் அழிக்கறதா? இன்னாத்துக்கு ஆவறது அது?" சின்னவள் பாஸைக் கீழே வைத்தாள். மற்ற இருவரில் ஒருத்தி கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது. இறால் கம்பெனியில் கை வெளுத்து ஊறிப்போகிறது, ஆனாலும் அதுவே போதும் என்றார்கள். சாபம் எதுவும் இல்லை, மனவருத்தம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

முத்தம்மா ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். பாஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எனக்கு அழிக்க ஒண்ணும் இல்ல," என்றாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. உள்ளே பேரன் எழுந்து அழத் தொடங்கினான்.

"வாரத்துல மூணு நாளு நீ, மூணு நாளு நானு," என்றாள் முத்தம்மா. "உம்மேல இருக்கற கோவத்துல ஒரு நாளும் கொறையாது. சொல்லிட்டேன்."

"சரிக்கா."

"குந்து. டீ குட்ச்சிட்டுப் போ."

ஜெயராஜுக்கு இது பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் சொன்னான். உள்ளே அந்தக்காவுக்கு ஒரு அடிபட்டால் அடிபட்டது ரோசம்மாள் என்றுதான் எழுதுவார்கள். முத்தம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது, தனக்கு நேர்ந்ததுதான் அவளுக்கும். "பாத்து நடன்னு சொல்லு. லாரி திரும்பற எடத்துல நிக்க வேணாம்னு சொல்லு. வேற இன்னா சொல்றது?" ரோசம்மாள் அப்படியே போய்ச் சொன்னாள். முத்தம்மா, அந்த மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

வியாழக்கிழமை முதல் முறை. காலையில் கடைத்தெருவிலேயே ரோசம்மாள் பாஸைக் கழற்றி முத்தம்மா கழுத்தில் போட்டாள். இருவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். உள்ளே போகக் காத்து லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. கேட்டுக்கு முந்தின லாரியோடு ரோசம்மாள் நின்றுவிட்டாள். சக்கரத்துக்கு மறுபக்கம் நின்றால் யார் கண்ணிலும் படாது, பேச்சும் கேட்கும்.

அன்றைக்கென்று கேட்டில் வேறு ஆள். பொன்னேரிப் பக்கத்துக்காரர் போலிருந்தது, அறுபது வயதிருக்கும், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார். பாஸை வாங்கி நம்பரை மட்டும் எழுதுகிற ஆள் இல்லை அவர். முத்தம்மாவுக்கு முன்னால் கான்டீன் பெண்கள் இருவர். அவர்கள் உள்ளே போனதும் முத்தம்மா போய் நின்றாள். முதுகு நிமிர்ந்திருந்தது.

"பேரு?"

"ரோசம்மா."

"இன்னா வேல?"

"செடி வேல."

"புருசன் பேரு?"

"ஜெயராஜ்."

பேனா நின்றது.

லாரிக்கு மறுபக்கம் ரோசம்மாளுக்கும் அந்தப் பேர் கேட்டது. அவள் கட்டிக்கொண்டு வந்து பத்தொன்பது வருஷம். அந்தப் பேரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும், இதே கேட்டிலும், மேலே எழுதியிருக்குது பாருங்க என்பாள், இல்லாவிட்டால் கார்டை நீட்டி விரலால் தொட்டுக் காட்டுவாள். அவள் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் அவள் வயதுப் பெண்பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். முத்தம்மாவும் அப்படித்தான், செத்துப்போன தன் புருஷன் பேரை இன்றுவரை சொன்னவள் இல்லை. தன்னுடையவன் இல்லை என்பதால்தான் அந்தப் பேர் அவள் வாயில் தடுக்காமல் வந்துவிட்டது. பாஸ், பொட்டு, லாரி திரும்புகிற இடம் என்று எல்லாவற்றையும் யோசித்த இரண்டு பேரும் இதை யோசிக்கவில்லை.

பெரியவர் கண்ணாடிக்குமேல் முத்தம்மாவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். முத்தம்மாவுக்கும் அப்போதுதான் புரிந்தது போலிருக்கிறது. கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது, கழற்றிக் கொடுத்துவிடப் போகிறவள்போல. அவள் கெஞ்சத் தெரிந்தவள் இல்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. உலையில் இரும்பு கொட்டுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்து ஓய்ந்தது.

பெரியவர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். முள் கிழித்த கோடுகள் இன்னும் ஆறவில்லை.

ரிஜிஸ்டர் பக்கம் குனிந்தார். பேனாவை உதறிவிட்டு, கட்டத்துக்குள் அடங்கும்படி நிதானமாக எழுதினார். ஜெயராஜ். எழுதி முடித்து, தலையைத் தூக்காமல், பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இன்னொரு தபா வந்தா பாஸக் காட்டும்மா. பேரு சொல்லாத."

முத்தம்மா உள்ளே போனாள். கொஞ்சதூரம் போனதும் குனிந்து, நீட்டியிருந்த ஒரு கொம்பைக் கிள்ளினாள். லாரி வரிசை நகரத் தொடங்கியது. கிளீனர் பையன் ஓரம் போகச் சொல்லிக் கதவைத் தட்டினான். ரோசம்மாள் ரோட்டை விட்டு இறங்கினாள். மாத்திரை வாங்க ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் ஒன்பதரைக்குத்தான். அதுவரை செய்ய அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.